சனிக்கிழமை திக்கும் வண்டி

சனீஸ்வரன் என்ற பெயருக்குள் ஓர் ஈஸ்வரன் இருப்பதாக நாட்டில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது தவறு என்பதை ஆழ்ந்த வருத்தத்தோடு தெரிவிக்க வேண்டியிருக்கிறது. மூலச் சொல் சனைச்சரன். மெதுவாக நடப்பவன் என்று பொருள். ஈஸ்வரன் பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை. நம் நாக்கு தடுக்கியதில் தானாகச் சேர்ந்துகொண்டது. ஆக, அவர் யாரையும் கெடுப்பவர் அல்லர். கொஞ்சம் தாமதமாக வருகிறவர், அவ்வளவே.

இது தெரியாமல் சென்னியப்பன் பதினோரு வாரம் எள் விளக்கு ஏற்றினான்.

"டீச்சருங்க, வண்டி சனிக்கிழமை மட்டும் மிஸ்ஸிங் அடிக்குதுங்க."

ஓடுகிற எஞ்சின் ஒரு கணம் மூச்சுத் திணறித் திக்குவதை மெக்கானிக்குகள் அப்படித்தான் சொல்வார்கள்.

சங்ககிரியில் டீசல் பம்ப் பழுது பார்க்கும் ரஞ்சிதத்தை ஊரே டீச்சர் என்றது. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி, அது பிடிக்காமல் வெளியே வந்தவர். வயது முப்பத்தைந்து. அவருடைய பம்ப் அறையில் ஸ்டூல் போட்டுக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

சென்னியப்பனுக்கு நாற்பத்தேழு. இருபது வருடமாக அடுத்தவர்களின் டீசல் கார்களுக்கு வேகம் கூட்டிக் கொடுத்தவன். தன் கை மேலேயே சந்தேகம் வந்துவிட்டதால் போன மாதம்தான் சீடனாகச் சேர்ந்தான்.

டீச்சர், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மத்த நாள்ல?"

"புதன்கிழமை சேலம் போயிட்டு வரேன். ஒரு குறை சொல்ல முடியாதுங்க. சனிக்கிழமை அதே ரோடு, அதே வேகம். வைகுந்தம் மேடு வந்தாத் திக்குது."

"சனிக்கிழமைக்கு முந்தின நாள் என்னங்ணா?"

ஸ்டூலில் இருந்த ஒருவர், "யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்லை," என்றார்.

"வெள்ளிக்கிழமைங்க," என்றான் சென்னியப்பன்.

டீச்சர் தலையாட்டினார். நாசிலை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார். அன்றைய பாடம் அதோடு முடிந்தது.

வாசலில் நின்று அவன் திரும்பிப் பார்த்தான்.

"சனிக்கிழமை கொண்டுவாங்க," என்றார் டீச்சர். "பானெட்டைத் திறக்காமக் கொண்டுவாங்க."

"சனிக்கிழமை சேலம் போயாகணும்ங்க. உங்களுக்கே தெரியும்."

தெரியும். எல்லோருக்கும் தெரியும். அவன் மனைவி கனகமணிக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. புதனும் சனியும் சேலத்தில் டயாலிசிஸ்.

அவளுக்காகத்தான் அந்தக் கறுப்பு வண்டியைப் பிரித்துச் சேர்த்தான். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவைப் பெரிதாக வைத்தான். கம்பெனி மாட்டிய ஏர் ஃபில்டர் டப்பாவை எடுத்தெறிந்துவிட்டு, தாராளமாகக் காற்று இழுக்கும் திறந்த கோன் ஃபில்டரைப் பொருத்தினான். சேலம் பக்கத்தில் வந்ததுபோல் இருந்தது.

பிறகு திக்க ஆரம்பித்தது.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் எஞ்சினைப் பிரித்தான். டீசல் குழாயை மாற்றினான். நாசில்களை மாற்றினான். எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், கழற்றியதை எல்லாம் ஸ்ப்ரே அடித்துத் துடைத்துத்தான் மாட்டுவான். சுத்தமான கைக்காரன். புதன்கிழமை வண்டி பறக்கும். நோய் பிடிபட்டது என்று நினைப்பான். சனிக்கிழமை வரும்.

ஜோசியர் ஏழரை என்றார். அவன் மறுக்கவில்லை. கிழமையின் பேரே சாட்சி சொல்லும்போது என்ன மறுப்பது.

முதல் தடவை திக்கியபோது கனகமணி சிரித்தாள். "வைகுந்தமே வந்தாச்சு. இதுக்கு மேல சேலம் எதுக்குங்க?"

அவனும் சிரித்தான்.

பதினோராவது சனிக்கிழமை அந்த மேட்டில் வண்டி நின்றே போனது. பின்னால் லாரி ஒன்று ஹாரனை விடாமல் அடித்தது.

"திருப்புங்க," என்றாள்.

"இரு, இப்ப எடுத்துரும்."

"வண்டிக்கே மேடேற மனசில்லை. எனக்கு மட்டும் எதுக்கு? திருப்புங்க."

அன்றைக்கு அவன் கெஞ்சிக் கூட்டிப்போனான். அடுத்த சனிக்கிழமை அவள் படுக்கையிலிருந்து எழவில்லை. புதன் ஒன்று போதும் என்றாள். ஒன்று போதாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை அவன் நினைவூட்டினான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கால் வீங்கி, கட்டிலடியில் கிடந்த செருப்புக்குள் நுழையாத அளவுக்கு ஆகியிருந்தது.

அந்தச் சனிக்கிழமைதான், போவதற்கு வேறு இடம் இல்லாததால், வண்டியை டீச்சரிடம் கொண்டுவந்தான். பானெட்டைத் திறக்கவில்லை.

"வண்டியை வித்துடறேனுங்க. ஷெட்டையும் பூட்டிடறேன். எம் பொண்டாட்டியை ஒரு மேடு ஏத்தி இறக்கத் தெரியாத கை எனக்கு எதுக்கு?"

டீச்சர் கோளாறு காட்டும் கம்ப்யூட்டரை மாட்டவில்லை. பானெட்டைத் திறந்து, கோனுக்குப் பின்னால் குழாயில் இருந்த காற்றளவு சென்சாரைக் கழற்றினார். சுண்டு விரல் அளவு. அதைக் கண்ணால் பார்க்காமல் மூக்கருகே கொண்டுபோனார்.

பிறகு அவனிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்க."

மோந்தான். டீசல் வாடை இல்லை. ஆயில் வாடையும் இல்லை. தன் வீட்டு வாசலில் நிற்பதுபோல் இருந்தது.

"சாம்பிராணிங்க."

"வண்டிக்கு யார் போடறது?"

"வீட்லதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம். முதல் தடவை சேலம் கிளம்பறதுக்கு முந்தின நாள் ஆரம்பிச்சா. நிக்க முடியாது அவளால. ஒரு கையில வண்டியைப் புடிச்சுக்கிட்டுப் போடுவா."

"பானெட்?"

"திறந்துதான் இருக்கும்."

"எஞ்சின்?"

"ஓடும்ங்க. நான்தான் ஓட விடுவேன். ஓடினாத்தானே அதுக்கு உயிர். பொணத்துக்கா புகை காட்டறது?"

"டப்பாவையும் எடுத்துட்டீங்க."

"நல்லா மூச்சு விடட்டும்னுதானுங்க."

"விட்டிருக்கு," என்றார் டீச்சர்.

விஷயம் எளிது. அந்தச் சென்சாருக்குள் ஒரு மெல்லிய சூடான தகடு. அதைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறதோ, அதை வைத்துத்தான் எஞ்சின் தனக்குள் வரும் காற்றைக் கணக்கிடும். சாம்பிராணி என்பது பிசின். பிசின் படிந்த தகடு, வருகிற காற்றைக் குறைத்துச் சொல்லும். எஞ்சின் அதை நம்பி டீசலைக் குறைக்கும். சமவெளியில் தெரியாது. மேட்டில் தெரியும்.

சென்னியப்பன் சென்சாரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"முதல் வாரம் ஒரு கரண்டிங்க," என்றான். "திக்க ஆரம்பிச்சதும் ரெண்டு. நேத்து ஆறு. புகையில அவ முகமே தெரியலை."

ஸ்டூலில் இருந்த ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அவன் உட்காரவில்லை.

"இதை அவகிட்ட எப்படிங்க சொல்றது? அவ டாக்டரை நம்பலை. மாத்திரையை நம்பலை. அந்தக் கரண்டிப் புகை ஒண்ணைத்தான் நம்பறா. அதுதான் வண்டியை நிறுத்துச்சுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

டீச்சர் சென்சாரை வாங்கி ஸ்ப்ரே அடித்து, உலரவிட்டு, இருந்த இடத்தில் மாட்டினார். பானெட்டை மூடினார். வண்டிக்குள் கைவிட்டுச் சாவியை உருவி, அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

பிறகு தன் நாசில்களிடம் போய்விட்டார்.

போகச் சொல்கிறார் என்று நினைத்து அவன் போனான்.

ஆறு நாள் அவன் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை போய் வந்தார்கள். வீக்கம் பாதிதான் வடிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பானெட்டைத் திறந்து வைத்து, வழக்கம்போல் எஞ்சினை ஓட விட்டான். கனகமணி தூபக்காலை ஏந்திப் படி இறங்கினாள். நான்கு படிக்கு இரண்டு தடவை நின்றாள். வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு கரண்டியை எடுத்தாள்.

அவன் சாவியைத் திருப்பினான்.

எஞ்சின் நின்றது. தெருவில் யாரோ குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க அணைச்சுப்போட்டீங்க?"

"நீ முணுமுணுக்கறது ஒண்ணும் கேக்கலை. அது இரையறதுல."

அவள் ஆறு கரண்டி போட்டாள். ஏழாவதும் போட்டாள். புகை கோனைச் சுற்றி எழும்பி, எதற்குள்ளும் போகாமல், மேலே போனது. அவள் வேண்டிக்கொண்டதை அவன் முதல் தடவையாக முழுக்கக் கேட்டான்.

அதில் அவள் பெயர் இல்லை. அவன் பெயரும் அவன் ஷெட்டும்தான் இருந்தன.

"நாளைக்கு சேலம்," என்றான். "எனக்காக வா."

சனிக்கிழமை வைகுந்தம் மேட்டை நாலாவது கியரில் ஏறினார்கள். ஏழே முக்காலுக்கே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாயிற்று. போன வாரம் அவள் வராததால், சனிக்கிழமைப் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

வேறு படுக்கை காலியாக இரண்டு மணி ஆயிற்று. அதுவரை காத்திருந்தார்கள்.