கொப்புளக் காலும் தலைவர் கையும்

முதலில் தடகளச் சங்கம் பூங்காவனம் ஓடிப் பழகும் மைதானத்தைப் பூட்டியது. பிறகு அவளுக்குத் தினமும் தந்துவந்த முட்டையை நிறுத்தியது. அதன்பின் அவளுடைய கோச்சம்மாவையே வேலையைவிட்டு நீக்கியது. ஆனாலும் பூங்காவனம் மாரத்தானில் முதலாவதாக வந்தாள். உடனே சங்கத்துக்குப் பாசம் முளைத்தது.

பரிசு மேடையில் சங்கத் தலைவர் அவள் காதில் சொன்னார்: "உன் கோச் நான்தான்னு சொல்லு. இல்லேன்னா தேசியப் போட்டியை மறந்துடு."

"சரிங்கய்யா." மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள். "ஓடி முடிச்சதும் எப்பவும் என் ஷூவைக் கழட்டி, கொப்புளத்துக்கு மருந்து போடறது கோச்தான். போடுங்க."

"உன் காலை நான் தொடணுமா?" தலைவர் கத்தியது மைக்கில் ஊருக்கே கேட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோச்சம்மா மேடையேறினார். மண்டியிட்டு ஷூ நாடாவை அவிழ்த்தார்.

அறிவிப்பாளர் அவரிடம் பெயர் கேட்டுச் சான்றிதழில் எழுதினார். எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசித்தார்:

"பயிற்சியாளர், ஞா. மங்களமேரி!"