சக்கரத்தில் ஏறிய மூன்று நண்டுகள்

அந்தக் காலத்தில், நண்டும் தவளையும் மனிதரோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்த நாளில், வாய்க்கால் கரையில் சென்னியப்பன் கடைசல் பட்டறை வைத்திருந்தான். மடையைத் திறந்தால் தண்ணீர் தள்ளிச் சக்கரம் சுழலும். சக்கரத்தின் முகத்தில் இரும்புத் தண்டைக் கயிற்றால் கட்டி, சுழலச் சுழல உளியால் சீவி உருட்டுவான். கட்டினான் என்றுதான் பேர். பாதி வேலையில் தண்டு கன்றுக்குட்டி போலக் கயிற்றை உருவிக்கொண்டு ஓடிவிடும். பட்டறைச் சுவர் முழுக்க ஓட்டை. அந்தப் பக்கம் போகிறவர்கள் தலையில் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டுதான் போவார்கள்.

ஒரு நாள், கரும்பாலை வைத்திருந்த வள்ளாத்தாள் மூச்சிரைக்க வந்தாள். கரும்பு பிழியும் உருளையின் அச்சு முறிந்துவிட்டது.

“ஏப்பா சென்னியப்பா, வெட்டின கரும்பு காடு பூராக் கெடக்குது. பொழுது சாயறதுக்குள்ள புது அச்சு வேணும். இல்லீன்னா சாறு புளிச்சிரும். புளிச்ச சாறு வெல்லமாகுமா? வருசம் பூராப் பட்ட பாடு மண்ணாப் போயிரும்.”

“ஆகட்டுங்கக்கா” என்று தண்டை இறுக்கிக் கட்டி மடையைத் திறந்தான். தண்டு சுவரில் புதிதாய் ஓர் ஓட்டை போட்டுக்கொண்டு வாய்க்காலில் போய் விழுந்தது.

இருந்தது அந்த ஒரு தண்டுதான். தண்ணீரில் இறங்கித் தேடினால், மூன்று நண்டுகள் அதைக் கவ்விக்கொண்டு நின்றன.

“எங்க வளையை இடிச்சது இதுதானே? தர மாட்டோம்” என்றது மூத்த நண்டு.

சென்னியப்பன் இழுத்தான். கரையில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தான். அசையவில்லை. வைய வாயெடுத்தவனுக்குச் சட்டென்று வேறொன்று தோன்றியது.

“அண்ணமாருங்களா, இதே பிடியை என் சக்கரத்துல வந்து பிடிப்பீங்களா? வயிறு முட்டக் கரும்புச்சாறு வாங்கித் தாரேன்.”

நண்டுகளுக்கு எச்சில் ஊறியது. ஏறி, தண்டைச் சுற்றி மூன்று பக்கமும் உட்கார்ந்தன. பிடி நல்ல பிடிதான். ஒற்றுமைதான் இல்லை.

“மூத்தவன் நான், நான்தான் முதல்ல நெருக்குவேன்.”

“நீ நெருக்கினா நான் விட்டுருவேன்” என்றது நடு நண்டு.

“ரெண்டு பேரும் என்னையே தள்ளுறீங்க” என்று கடைசி நண்டு அழுதது.

மூவர் இழுப்பில் தண்டு நடுவை விட்டு விலகி, கள்ளுக்கடையிலிருந்து வருகிறவனைப் போலத் தள்ளாடியது.

“பங்காளிச் சண்டையை நாளைக்குப் பேசிக்கலாமப்பா, பொழுது எறங்குது!” என்று வள்ளாத்தாள் கத்தினாள்.

சென்னியப்பன் ஒரு தோல்வாரை மூன்று நண்டுகளின் முதுகையும் சுற்றிக் கட்டினான். வாருக்குள் ஓர் இரும்புக் குச்சியைச் செருகி முறுக்கினான். முறுக்க முறுக்க மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே அளவு, நடுவை நோக்கி நெருங்கின. முந்தவும் வழியில்லை, முரண்டு பிடிக்கவும் வழியில்லை. தண்டு நட்டநடுவில் அறைந்தது போல் நின்றது. வார் அவிழாமல் முடிச்சுப் போட்டான்.

அந்த மகிழ்ச்சியில், குச்சியை உருவாமலே மடையைத் திறந்துவிட்டான்.

சக்கரம் ஒரு சுற்றுத்தான் சுற்றியது. குச்சி ‘விர்’ரென்று பறந்து, சென்னியப்பனின் தலைப்பாகையையும் பறித்துக்கொண்டு எதிரே இருந்த பனைமரத்தில் போய்க் குத்தி நின்றது. அவன் மெல்லத் தலையைத் தடவிப் பார்த்தான். இருந்தது.

வள்ளாத்தாள் மடையை அடைத்தாள்.

“தலைப்பாகை போனா வேற கட்டிக்கலாம். தலைக்கு எங்க போவே? குச்சியை உருவாம யாராச்சும் சுத்த விடுவாங்களா?” மரத்திலிருந்து குச்சியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். “இது இங்க இருக்குதான்னு பாரு. பாத்துட்டியா? இப்பத் தொற.”

தண்டு இம்மியும் ஆடாமல் சுழன்றது. பொழுது சாய்வதற்குள் அச்சு ஆலையில் ஏறியது. சாறு புளிக்காமல் கொப்பரைக்குப் போய் வெல்லமானது.

வயிறு முட்டக் குடித்த நண்டுகள் வளையைப் பார்த்துக் கிளம்பின. சுற்றிய சுற்றில் தலை கிறுகிறுத்து மூன்றும் பக்கவாட்டிலேயே போயின. “இன்னொரு தடவை கூப்பிட்டே, மூக்கைப் பிடிச்சிருவோம்!” என்று மூத்தது திரும்பிப் பாராமல் கத்தியது. சென்னியப்பன் என்ன செய்வான்? நண்டுகளுக்குப் பதிலாக, தண்டைக் கவ்விப் பிடிக்க இரும்பிலேயே மூன்று தாடைகள் வார்த்துக்கொண்டான்.

அன்று தொட்டுத்தான் நண்டு பக்கவாட்டில் நடக்கிறது. இன்றைய கடைசல் எந்திரமான லேத்தில், தண்டைப் பிடிக்கும் ‘சக்’கின் மூன்று தாடைகள் ஒரே சாவிக்கு ஒன்றாய் நெருங்குவதும், அந்தச் சாவி கைக்கு வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே கடைசல்காரர் சுவிட்சைப் போடுவதும் அன்று முதல்தான்.