வடிவாச்சி அள்ளிய மணல்

அந்தக் காலத்தில், பருந்தும் நண்டும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்தபோது, கரையோர நண்டுகள் இன்றைக்குப் போல ஈர மணலில் குடியிருக்கவில்லை. அலை எட்டாத மணல்மேட்டில் வளை தோண்டி வாழ்ந்தன. வளை என்றால் ஏதோ ஒரு பொந்து என்று நினைத்துவிட வேண்டாம். வாசல், நடை, முன்னறை, பின்னறை, அதற்கும் பின்னால் ஈரம் காயாத உள்ளறை என்று நீண்டுகொண்டே போகும். இத்தனை அறை எதற்கு என்று கேட்டால், சாமான் வைக்க என்று பதில் வரும்.

கடல் பொங்கி ஏறுவதை ஏற்றம் என்றும், வடிந்து இறங்குவதை வற்றம் என்றும் கரையில் சொல்வார்கள். ஒவ்வொரு வற்றத்திலும் கடல் எதையாவது விட்டுவிட்டுப் போகும். சிப்பி, சங்கு, கணவாய் ஓடு, அறுந்த கயிறு, வலையிலிருந்து கழன்ற மிதவைக் கட்டை. நண்டுகள் ஒன்றை விடாமல் இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறும். எதற்கு என்று அவற்றுக்கே தெரியாது. என்றைக்காவது உதவும் என்பதுதான் கணக்கு.

அந்த மேட்டிலேயே பெரிய வளை வடிவாச்சியுடையது. கெட்டிக்கார நண்டு. இரை தேடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் வீட்டு வேலை என்று வந்தால் அவளுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது. செய்தால் முழுசாகச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தொடவே கூடாது. வெள்ளைச் சிப்பிக்கு ஓர் அறை, வரிச் சிப்பிக்கு ஓர் அறை, சங்கெல்லாம் சிறிசிலிருந்து பெரிசாக வரிசை கட்டி நிற்க ஓர் அறை என்று மனசுக்குள் அழகான வீடு ஒன்று கட்டி வைத்திருந்தாள். நிஜ வீட்டில் நடக்க வழியில்லை.

காற்றடித்து வாசலில் ஒரு பிடி மணல் விழும். பார்ப்பாள். "நல்ல வத்தமா வரட்டும். ஒரேயடியா எல்லாத்தையும் சுத்தம் பண்ணிக்கிடலாம்" என்பாள். நல்ல வற்றம் வரும். அன்றைக்குப் பார்த்துக் கரையில் நல்ல சாமானாகக் கிடக்கும். அதை இழுத்து வரவே பொழுது போய்விடும். ஒரு முறை நிஜமாகவே வேலையில் இறங்கினாள். வரிச் சிப்பிகளைப் பிரித்து வைக்க இடம் போதவில்லை என்று முதலில் புதிதாக ஓர் அறை தோண்டினாள். தோண்டிய அசதியில் படுத்துவிட்டாள். எழுந்து பார்த்தபோது அந்த அறையிலும் ஏதோ அடைந்து கிடந்தது.

வடிவாச்சியின் கணவன் கொடுக்கன் அதிகம் வாய் திறக்காத சாது. உள்ளே இடமில்லாமல் அவன் நடையில்தான் படுப்பான். படுத்தால் பாதிக் கால் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். "காத்து நல்லா வருது" என்று சொல்லிச் சமாளித்துக்கொள்வான்.

ஒரு நாள் கொடுக்கன் இரை எடுக்காமல் சுருண்டு கிடந்தான்.

"என்ன செய்யுது உங்களுக்கு?" என்றாள் வடிவாச்சி.

"முதுகு இறுக்குது வடிவு. ஓடு கழத்துற நேரம் வந்திட்டுதுன்னு நெனைக்கேன்."

வடிவாச்சிக்குப் பகீரென்றது. நண்டாகப் பிறந்தால் உடம்பு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். புது ஓடு இறுகும்வரை உடம்பு வெறும் சதையாக, தொட்டால் அமுங்கும்படி இருக்கும். வெயில் பட்டால் காய்ந்து போகும். பருந்து கண்ணில் பட்டால் கதை முடிந்தது. அதனால்தான் ஈரம் காயாத அந்த உள்ளறையை எல்லா நண்டும் தோண்டி வைத்தன. வடிவாச்சியின் உள்ளறையிலோ ஈரத்தைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது.

"கவலைப்படாதீய. அமாவாசை வத்தம் வருதுல்ல, அன்னைக்கு உள்ளறைய ஒழிச்சுக் குடுத்திடுதேன்" என்றாள்.

"சரி வடிவு" என்றான் கொடுக்கன். வேறு என்ன சொல்வான்?

அவன் ஓட்டுக்கு அமாவாசை தெரியவில்லை. அதற்கு முன்பே ஒரு காலையில், வெயில் ஏறத் தொடங்கிய வேளையில், அவன் முதுகு ஓடு படக்கென்று வெடித்தது. கொடுக்கன் பின்பக்கமாக நெளிந்து நெளிந்து வெளியே வந்தான். பழைய ஓடு நடையை அடைத்துக்கொண்டு கிடந்தது. அவன் வாசலுக்கு வெளியே, வெளிறிப்போய், கால் ஊன்றக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். மேலே ஒரு செம்பருந்து வட்டம் போட ஆரம்பித்தது.

வடிவாச்சி அந்த ஓட்டின் மேல் ஏறித் தாண்டி உள்ளே பாய்ந்தாள். ஒரு சங்கைப் பிடித்து இழுத்தாள். அது மிதவைக் கட்டையில் மாட்டியிருந்தது. கட்டையை இழுத்தால் கயிறு வந்தது. கயிற்றை இழுத்தால் பின்னறையே சேர்ந்து வரும்போல் இருந்தது. கையில் அகப்பட்டது ஒரு வரிச் சிப்பி மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டு, இதை எந்த அறையில் வைப்பது என்று யோசித்தாள்.

ஆமாம், புருஷன் வெயிலில் கிடக்கிறான், பருந்து தலைக்கு மேலே நிற்கிறது, இவள் சிப்பிக்கு இடம் யோசிக்கிறாள். பழகிய புத்தி அப்படித்தான், ஆபத்தில்கூடத் தன் வழியிலேயே போகும். ஆனால் வடிவாச்சியைப் பற்றி நான் இவ்வளவு தூரம் சொல்வதற்குக் காரணமே அடுத்து அவள் செய்ததுதான். தான் யோசிப்பதை அவளே பார்த்துவிட்டாள். பார்த்த மாத்திரத்தில் உடம்பெல்லாம் கூசிப்போனது. சிப்பியை நின்ற இடத்திலேயே போட்டாள். வீட்டை விட்டு வெளியே வந்தாள். மேட்டை விட்டு இறங்கி, கடல் அப்போதுதான் வடிந்துபோன ஈர மணலில் நின்று, ஒரு பிடி மணலை நெஞ்சோடு அணைத்து அள்ளித் தூரக் கொட்டினாள். திரும்பி வந்து இன்னொரு பிடி அள்ளினாள்.

பக்கத்து வளைப் பேச்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பதற்றம்தான்.

"மைனி, அங்கன தோண்டாதீய. ஏத்தம் வந்தா மூடிக்கிடும். மேட்டுல நல்ல இடமாப் பாத்து, நின்னு நிதானமா..."

"மூடுனா மறுபடி அள்ளிக்கிடுதேன்" என்றாள் வடிவாச்சி. சொல்லிக்கொண்டே ஒரு பிடியைக் கொட்டினாள்.

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் பாருங்கள். அதுவரை எந்த நண்டும் அப்படிச் சொன்னதில்லை. மறுபடி செய்ய வேண்டிவரும் என்றால் எதற்குச் செய்வது என்றுதான் மேட்டு நண்டுகள் எல்லாம் உட்கார்ந்திருந்தன.

மணல் சரிந்து விழுந்தது. சரிந்ததை அள்ளினாள். எவ்வளவு ஆழம் வேண்டும் என்று நினைக்கவில்லை. எத்தனை அறை என்று நினைக்கவில்லை. மேலே நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. பருந்தின் நிழல் அவள் முதுகைக் கடந்து போய் வந்தது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கையில் இருந்த பிடியும், அதற்கு அடுத்த பிடியும்தான். நடுவில் ஒரு கல் தட்டுப்பட்டது. பழைய வடிவாச்சியாக இருந்தால் அந்தக் கல்லை என்ன செய்வது என்று ஒரு வற்றம் முழுக்க யோசித்திருப்பாள். இவள் கல்லைச் சுற்றி வளைத்துத் தோண்டிக்கொண்டு போனாள். தன் உடம்பு முழுசாக உள்ளே போனதும் நிறுத்தினாள்.

"இந்தாருங்க, இறங்கி வாங்க" என்று மேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

கொடுக்கன் எழுந்தான், சரிந்தான், மறுபடி எழுந்தான். கால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. வடிவாச்சி மேலேறிப் போய்த் தன் கெட்டி முதுகால் அவனை முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். பருந்து சிறகை மடக்கியது. பேச்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

காற்று கிழிபடும் சத்தம் கேட்டது. கொடுக்கனைக் குழிக்குள் தள்ளிவிட்டு, அவன் பின்னாலேயே வடிவாச்சியும் விழுந்தாள். பருந்தின் நகம் அவளது கடைசிக் காலைப் பற்றியது. அவள் இழுத்தாள். கால் பருந்தோடு போய்விட்டது. வலியில் உயிர் போனது, ஆனால் உயிர் உள்ளேதான் இருந்தது.

பருந்து வாசலில் நின்று காலை உள்ளே விட்டுத் துழாவியது. கல்லைச் சுற்றி வளை வளைந்து போனதால் நகத்துக்கு மணலைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை.

"ஏ நண்டு, நான் வட்டம் போட ஆரம்பிச்சப்போ இங்க குழியே இல்லையே. எப்பத் தோண்டின?" என்று கேட்டது.

"இப்பத்தான்" என்றாள் வடிவாச்சி.

"நெசமாவா?"

"நீரு இறங்கி வர்றதுக்குள்ள."

பருந்து நகத்தை வெளியே இழுத்துக்கொண்டது. "ஓடு கழத்தி வெளிய கெடக்குற மேட்டு நண்டுகள நம்பித்தான் நான் இத்தன நாளா உடம்ப வளத்தேன். உன்னால எல்லாம் கெட்டுப்போச்சு" என்றது. அதன் குரலில் கோபத்தைவிட மரியாதைதான் அதிகம் இருந்தது. பிறகு ஏற்றம் வந்தது. அலை அதன் காலை நனைத்தது, பறந்துவிட்டது. கடல் மணலைத் தள்ளி வளையின் வாசலை மூடியது. உள்ளே இருட்டும் ஈரமுமாக, ஓர் உள்ளறை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது.

பேச்சி சொன்னது சரிதான். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் வாசல் மூடிக்கொண்டது. ஒவ்வொரு வற்றத்துக்கும், கடல் திரும்பிப் பார்க்கும் முன்பே, வடிவாச்சி ஒரு பிடி மணலோடு வெளியே வந்தாள். உள்ளே கிடப்பவனுக்குக் காற்று வேண்டும். அதை அமாவாசைக்குத் தள்ளிப்போட முடியாது. ஒரு கால் குறைந்த நடையில் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து வருவாள், கொட்டுவாள், திரும்புவாள். வேலை சீக்கிரம் முடிந்துவிடும். வீட்டு வேலை முடியக்கூடியது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மிச்சப் பொழுதில் வாசலில் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். அவ்வளவு நாளும் கரையில் இருந்தும் அவள் கடலைப் பார்த்ததில்லை, அது கொண்டுவரும் சாமானைத்தான் பார்த்திருக்கிறாள்.

கொடுக்கனின் ஓடு இறுகி, அவன் முதன்முதலாக வெளியே வந்த அன்று, கால் அத்தனையையும் நீட்டி ஒரு சோம்பல் முறித்தான்.

"மேட்டு வீட்டுக்குப் போயிருவமா வடிவு? உன் சாமானெல்லாம் அங்கதான கெடக்கு."

வடிவாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வெயிலில் வெளிறிக் கிடந்த உடம்பு இப்போது பளபளவென்று இருந்தது.

"என் சாமான் இந்தா நிக்குது" என்றாள்.

கொடுக்கன் குனிந்து, தன் புதுக் கொடுக்கால் வாசலில் சரிந்திருந்த மணலை ஒரு பிடி அள்ளினான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பேச்சி மேட்டை விட்டு இறங்கி வந்து, கொஞ்சம் தள்ளி, வெட்கப்பட்டுக்கொண்டே தானும் ஒரு பிடி அள்ளினாள். அடுத்த பௌர்ணமிக்குள் மேட்டில் ஒரு நண்டும் இல்லை. கரை நெடுகிலும் ஒற்றை அறை வளைகள்தான் இருந்தன.

அன்றைக்குத் தொடங்கியதுதான், கடல் வடிந்த மறுகணமே நண்டு ஒரு பிடி மணலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வருவது. நம் காலடி கேட்டால் சட்டென்று உள்ளே ஓடிவிடும். நாம் நகர்ந்த பிறகு பாருங்கள், அதே பிடியோடு மறுபடி வந்து, அதைக் கொட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும்.