ஓடை தாண்டிய கமிஷனர்

ஆடு மேய்க்கும் ஒச்சம்மாளின் புஞ்சைக் காட்டுக்குப் போகிற வண்டிப்பாதையை ரைஸ்மில் முதலாளி பெருமாள்சாமி வேலி போட்டு அடைத்துவிட்டார். வழக்கு முன்சீப் கோர்ட்டுக்குப் போனது. இடத்தைப் பார்த்து அறிக்கை தரச் சொல்லி, வக்கீல் சாரங்கபாணியைக் கமிஷனராக அனுப்பியது கோர்ட். "முழுக்க நடந்து பார்த்தேன், பாதை என்று எதுவும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தார் அவர். அந்த அறிக்கையைக் கோர்ட் ஏற்றுக்கொண்டால் ஒச்சம்மாள் தன் காட்டில் கால் வைக்க முடியாது.

வக்கீல் வைக்காத ஒச்சம்மாள், அறிக்கைக்கு ஆட்சேபணை சொல்லி, கமிஷனரைத் தானே விசாரிக்க அனுமதி வாங்கினாள்.

கூண்டில் ஏறிய சாரங்கபாணி மூக்கைச் சுளித்தார். "இருபது வருஷமா கமிஷனரா போறேன். ஆடு மேய்க்கிறவளுக்கெல்லாம் பதில் சொல்லணுமா?"

"சொல்லுங்கள்" என்றார் நீதிபதி.

ஒச்சம்மாள் பணிவாகக் கேட்டாள். "ஐயா, நடுவுல ஓடை வந்ததும் ஷூவைக் கையில தூக்கிக்கிட்டு, பேண்டைச் சுருட்டிக்கிட்டுத்தானே தாண்டுனீங்க? பார்த்தவங்க சிரிச்சாங்களாமே?"

கமிஷனருக்கு முகம் சிவந்தது. "பொய். நான் ஷூவைக் கழற்றவே இல்லை. ஓடையை ஒரே எட்டில் தாண்டினேன்."

ஒச்சம்மாள் நீதிபதியைக் கும்பிட்டாள். "அங்க ஓடையே கிடையாதுங்க, சாமி."

நீதிபதி நில அளவை வரைபடத்தை விரித்துத் தேடினார். ஓடை எங்கும் இல்லை. அறிக்கையை அங்கேயே தள்ளுபடி செய்துவிட்டு, "வேறு கமிஷனரை அனுப்புகிறேன்" என்றார்.

"முதலாளி வீட்டு விருந்துக்கு முன்னாடியே காட்டைப் பார்த்துரச் சொல்லுங்க, சாமி" என்றாள் ஒச்சம்மாள். "இந்த ஐயா சாப்பிட்ட சாப்பாட்டுக்கு எந்திரிச்சு நடக்கவே முடியலைங்க."