மாப்பிள்ளைக்கு முந்தி வந்த கரண்டு சைக்கிள்

பொட்டக்குளத்து ஆட்களைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டார்கள் என்று மட்டும் எவனும் நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசிவிட முடியாது. அங்கே ஒருத்தனை ‘உட்காரு’ என்று சொல்லிவிட்டு நீங்கள் ஊருக்குப் போய்விட்டால், எழுந்திரு என்று சொல்ல நீங்களேதான் திரும்பி வரவேண்டும்.

அந்த ஊர் ஆவுடையப்பனுக்கு முப்பத்திரண்டு வயசு. கல்யாணம் ஆகவில்லை. மாமரத்துப்பட்டி கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போன இடத்தில் பந்தியில் உட்கார்ந்தான். அந்த ஊர் முப்பிடாதி பாயச வாளியோடு வந்து, “இன்னும் கொஞ்சம் விடட்டா?” என்று கேட்டாள். போதும் என்று சொல்ல வாய் வரவில்லை. பதினோரு தடவை வாங்கிக் குடித்தான். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டான், கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று. வயிறு சரியாக மூன்று நாள் ஆனது.

முப்பிடாதியின் அப்பா சங்கரபாண்டிக்கு ஒரு தனிச் சங்கடம் இருந்தது. மூத்த மருமகன்கள் ஐயாக்குட்டியும் தளவாயும் நிச்சயதார்த்தத்துக்கு பஸ்ஸில் வந்தவர்கள். திரும்பும்போது கடைசி பஸ்ஸை விட்டுவிட்டார்கள். ஐயாக்குட்டி விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது, தளவாய் விட்டு ஆறு வருஷம். ரெண்டு பேரும் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள், வேளை தவறாமல் சாப்பிடுகிறார்கள்.

அதனால் சங்கரபாண்டி, பெண் கேட்டு வந்த ஆவுடையப்பனிடம் கறாராகச் சொல்லிவிட்டார். “வர்ற புதன்கிழமை நிச்சயதார்த்தம், பத்தேகாலு வரைக்கும் நல்ல நேரம். அதுக்குள்ள சொந்த வண்டியில வந்து என் வாசல்ல இறங்கணும். தள்ளிக்கிட்டு வந்தா செல்லாது. பஸ்ஸுல வந்தா பொண்ணே கிடையாது. வந்த வண்டியில திரும்பிப் போறவன்தான்வே எனக்கு மருமகன்.”

ஆவுடையப்பன் மறுநாளே ஒரு கரண்டு சைக்கிள் வாங்கிவிட்டான். அவனுடைய கூட்டாளிகள் சொள்ளமுத்துவும் நம்பிராசனும் அதை மூன்று சுற்று சுற்றி வந்து பார்த்தார்கள்.

“ஏலே, புது வண்டி. ஊரு கண்ணு பூரா இது மேலதான்” என்றான் சொள்ளமுத்து. கறுப்புக் கயிற்றில் ஒரு எலுமிச்சம்பழம், ஏழு மிளகாய், ஒரு படிகாரக்கட்டி, அது போதாதென்று உரிக்காத தேங்காய் ஒன்று, எல்லாவற்றையும் கோத்து, வலது பக்க பிரேக்கில் தொங்கவிட்டான். பிரேக் லேசாக அமுங்கியது. கண்ணேறு கழிந்தது என்று மூவரும் கும்பிட்டுக்கொண்டார்கள்.

ஆவுடையப்பன் ஏறி ஆக்ஸிலேட்டரைத் திருகினான். வண்டி அசையவில்லை. தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது தேங்காய் ஊஞ்சலாடினால் ஒரு வெட்டு வெட்டி முன்னால் பாயும், அப்புறம் சும்மா நிற்கும். புதன்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது. கம்பெனி நம்பருக்குப் போன் போட்டான்.

“பிரேக் கொஞ்சம் அமுங்கியிருந்தாலும் மோட்டார் கட் ஆயிடும் சார்” என்றார் எதிர்முனையில் பேசியவர். “உங்க கை பிரேக்ல இருக்கா?”

ஆவுடையப்பன் தன் ரெண்டு கையையும் பார்த்தான். “இல்ல சார். ஒரு கை போன்ல இருக்கு. இன்னொரு கை இடுப்புல இருக்கு.”

“கூட இருக்கிறவங்க கை?”

சொள்ளமுத்துவும் நம்பிராசனும் கைகளை உயர்த்திக் காட்டினார்கள். “ஆறு கையும் வெளியதான் சார் இருக்கு.”

“அப்போ டயர்ல காத்து இருக்கான்னு பாருங்க.”

மூவரும் டயரை உற்றுப் பார்த்தார்கள். காற்று கண்ணுக்குத் தெரியவில்லை. “உள்ள இருந்தா எப்படில தெரியும்? வெளிய வந்தாத்தானே தெரியும்?” என்றான் நம்பிராசன். நியாயமாகத்தான் பட்டது. ரெண்டு டயரையும் திறந்துவிட்டார்கள். புஸ்ஸென்று வந்தது.

“இருக்கு சார்!” என்றான் ஆவுடையப்பன் சந்தோஷமாக.

காற்று மறுபடி அடிக்க மூன்று மைல் தள்ளிக்கொண்டு போய் வந்தார்கள். அடுத்த நாள் கம்பெனிக்காரர், பேட்டரியைக் கழற்றி அரை மணி நேரம் ஓய்வு கொடுக்கச் சொன்னார். பேட்டரிக்குப் பாய் விரித்து, தலையணை வைத்து, மின்விசிறியைப் போட்டார்கள். சொள்ளமுத்து ஒரு தடவை தும்மிவிட்டான். “தூக்கம் கெட்டுப்போச்சு, முதல்ல இருந்து ஆரம்பிங்கல” என்று நம்பிராசன் கோபித்துக்கொண்டான். சொள்ளமுத்துவுக்கு அன்றைக்கு ஜலதோஷம் வேறு. ஆக அந்த அரை மணி நேரம் முடிய சாயங்காலம் ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை கம்பெனிக்காரர் குரலே இறங்கிப்போயிருந்தது. “சக்கரத்தைத் தரையில படாம தூக்கிச் சுத்தவிட்டுப் பாருங்க சார்.”

தூக்கினார்கள். தேங்காய் நம்பிராசன் தோளில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. சக்கரம் சும்மா பேய் மாதிரி சுழன்றது! இறக்கினார்கள். நின்றது. மறுபடி தூக்கினார்கள், சுழன்றது.

“புரிஞ்சு போச்சு மாப்ளே” என்றான் சொள்ளமுத்து. “இது தூக்கினாத்தான் ஓடுற வண்டி.”

“தள்ளக்கூடாதுன்னுல்லா மாமா சொல்லியிருக்காரு?”

“தள்ளத்தான் கூடாதுன்னாரு. தூக்குறதைப் பத்தி ஏதாவது பேசினாரா?”

பேசவில்லைதான். அன்று ராத்திரி முப்பிடாதி போனில் கேட்டாள், “வந்துருவீகளா? அப்பா இப்பவே பந்தலைப் பிரிக்கலாமான்னு பாக்காரு.” “உசுரைக் கொடுத்தாவது வந்துருவேன் தாயி” என்றான் ஆவுடையப்பன். தேங்காயை அவன் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். ஆவுடையப்பன் பட்டு வேட்டியில் சைக்கிள் மேல் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பிடித்திருந்தான். முன்னால் நம்பிராசன், பின்னால் சொள்ளமுத்து, தோளில் சைக்கிள். “எவ்வளவுல போறோம்?” என்று கீழேயிருந்து கேட்டான் சொள்ளமுத்து. “முப்பத்தஞ்சு!” என்றான் ஆவுடையப்பன் மீட்டரைப் பார்த்து. “மெதுவாப் போல, பயமா இருக்கு” என்றான் நம்பிராசன். அப்போது ஒரு சினையாடு மேய்ந்துகொண்டே அவர்களைத் தாண்டிப் போனது.

வாய்க்கால் பாலத்து மேட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதே முக்கால். தோள்கள் கழன்றுவிட்டன, சைக்கிளை இறக்கிவிட்டார்கள். பாலத்துக்கு அந்தப்பக்கம் நேர் ரோடு, இறக்கம், கண்ணுக்கெதிரே மாமரத்துப்பட்டிப் பந்தல். ஆவுடையப்பன் அழாத குறையாகக் கடைசித் தடவையாகப் போன் போட்டான்.

“எடையைக் குறைங்க சார். ஆக்ஸிலேட்டரை முழுசாத் திருகி வைங்க. என்னை விட்டுருங்க” என்றார் அவர்.

சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகிக் கயிற்றால் கட்டினார்கள். பிறகு எடையைக் குறைத்தார்கள். மணி, மட்கார்டு, கேரியர், சீட்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி நண்பர்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். வண்டி அசையவில்லை.

“இன்னும் கனமா என்னல இருக்கு?”

மூவரும் யோசித்தார்கள். பிறகு ரெண்டு பேர் மூன்றாமவனைப் பார்த்தார்கள்.

“எழுபத்தெட்டு கிலோ இருப்பியா மாப்ளே?”

“எம்பது” என்று ஒத்துக்கொண்டான் ஆவுடையப்பன். ஆக, அவனும் இல்லாமல் அனுப்புவதென்று முடிவானது.

“தேங்காயும் கனம்தானே?” என்றான் நம்பிராசன்.

“ஏலே, கண்ணு பட்டுருமே!”

“ஆளே இல்லாம போற வண்டிக்கு எவம்ல கண்ணு வைப்பான்?”

சொள்ளமுத்து ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, தேங்காய் தொங்கிய கயிற்றை அறுத்தான்.

ஐயோ, அது போன போக்கை என்னவென்று சொல்ல! பாலத்தில் ஏறியது, இறங்கியது, நேர் ரோட்டில் ஒரு கோடாகப் போயே போய்விட்டது. “பார்த்தியா, நீதான்ல பாரம்” என்றான் நம்பிராசன் வருத்தத்தோடு. ஆவுடையப்பன், “நான் வர்ற வரைக்கும் இதையெல்லாம் புடிச்சுக்கிட்டு இங்கயே நில்லுங்கல!” என்று கத்திவிட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினான்.

பத்து மணிக்கு சைக்கிள் பந்தலுக்குள் நுழைந்து, வைக்கோல் போரில் முட்டி நின்றது. சங்கரபாண்டி சும்மா விடுவாரா? நேரத்துக்கு வந்த வண்டி. ஆரத்தி எடுத்து, மாலை போட்டு, கண்ணு படாமல் இருக்க பிரேக்கில் இளம்பூசணிக்காய் ஒன்றைத் தொங்கவிட்டார்கள்.

பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஆவுடையப்பன் நுரை தள்ள வந்து விழுந்தான்.

“வண்டி வந்துட்டு. நீரு அதுல இருந்து இறங்கலையே?” என்றார் சங்கரபாண்டி.

மூத்த மருமகன் ஐயாக்குட்டி தாடையைத் தடவினார். “இறங்கணும்னா முதல்ல ஏறியிருக்கணுமே மாமா.”

“அப்ப ஏறி இறங்குங்களேன்! மணி ஆகுதுல்லா!” என்று உள்ளேயிருந்து முப்பிடாதி கத்தினாள்.

ஆவுடையப்பன் ஏறினான். சீட்டு இல்லாத குழாய் என்பதால் இறங்குவதற்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கண்ணில் தண்ணீரோடு தாம்பூலம் மாற்றிக்கொண்டான். ஆனந்தக் கண்ணீர் என்று பெண்டுகள் பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம், “போயிட்டு வாரேன் மாமா” என்று வண்டியை எடுத்தான். பூசணிக்காய் தொங்கியது. வண்டி நகரவில்லை.

“பஸ்ஸுல போகட்டா?” என்று கேட்டான்.

“சொந்த வண்டி வச்சிருக்கிற மருமகன் பஸ்ஸுல போனான்னு ஊரு சிரிக்கவா?” என்று சீறினார் சங்கரபாண்டி. “வண்டி சரியானதும் போம்.”

அது ஆயிற்று ஏழு மாசம். கல்யாணமும் அந்தப் பந்தலிலேயே நடந்தது. சொள்ளமுத்துவும் நம்பிராசனும் சீட்டையும் மணியையும் பிடித்துக்கொண்டு பாலத்து மேட்டில்தான் நிற்கிறார்கள். அந்த வழியாகப் போகிற பஸ்ஸில் கண்டக்டரே சோற்றுப் பொட்டலம் எறிகிறார்.

நேற்று மத்தியானம் சங்கரபாண்டி பொறுக்கமாட்டாமல் தானே கம்பெனிக்குப் போன் போட்டார்.

“பிரேக்ல யாரோட கையாவது இருக்கான்னு நல்லாப் பாருங்க ஐயா” என்றார் எதிர்முனைக்காரர்.

சங்கரபாண்டி வாசலுக்குப் போய் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பூசணிக்காயை ஒதுக்கிவிட்டு அதற்குப் பின்னாலும் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் வந்து, வரிசையாக உட்கார்ந்திருந்த மூன்று மருமகன்களின் கைகளையும் ஒவ்வொன்றாக எண்ணினார். பெருமூச்சு விட்டார்.

“இல்லய்யா. எல்லாக் கையும் சோத்துலதான் இருக்கு.”