நாச்சிமுத்துவின் கான்பெரா

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற தேவசகாயம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். நான் கூட்டவில்லை.

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில், விமான மாடல் செய்பவர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, உப்புத்தாளில் தேய்த்து, பெயின்ட் அடித்து, போர் விமானத்தை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி மேசைமேல் நிறுத்துவார்கள். அங்கே ஒரு கண்ணாடி அலமாரி உண்டு, அதில் ஆளுக்கு ஓர் இடம். தொடர்ந்து மூன்று ஆண்டு விழாவுக்கு மாடல் கொண்டுவராதவரின் இடம், காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். விதியை எழுதியவர் செயலாளர் கோகிலவாணி, பாலிடெக்னிக் ஆசிரியை.

எழுதும்போது அது நாச்சிமுத்துவின் தலையில் போய் விடியும் என்று அவர் நினைக்கவில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற நாச்சிமுத்து, ஞாயிறு தவறாமல் சங்கத்துக்கு வந்து எல்லோருக்கும் யோசனை சொல்வார். தன் மாடலை மட்டும் கொண்டுவர மாட்டார். முதல் வருஷம் பெயின்ட் காயவில்லை. அடுத்த வருஷம் காய்ந்தது பிடிக்கவில்லை. இது மூன்றாவது வருஷ விழா.

வந்தார். கையில் அட்டைப்பெட்டி. திறந்து ஒரு மரப்பீடத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பீடத்தின் பித்தளைத் தகட்டில் ‘கான்பெரா குண்டுவீச்சு விமானம்’ என்று பொறித்திருந்தது. மேலே ஒன்றுமில்லை.

“விமானம் எங்கண்ணா?” என்றார் கோகிலவாணி.

“டூட்டிக்குப் போயிருக்குதுங்க, அம்மிணி.”

கோகிலவாணி பேனாவை மூடினார். திறந்திருந்தால் பட்டியலில் அவர் பெயரை அடிக்க வேண்டும். “உக்காந்து சொல்லுங்க.”

“ஆரம்பத்துல நானும் சாதாரணமாத்தானுங்க செஞ்சேன். தகட்டு ஆணி ரிவெட்டுக்கு ரிவெட்டு ஊசியில புள்ளி குத்தினேன். நாலாயிரத்து எண்ணூத்திப் பன்னெண்டு. வடக்க ஒரு மியூசியத்துல நெச கான்பெரா நிக்குது. அதுக்கும் போட்டோ பாத்து எண்ணினேன். அதுல ஒண்ணு கொறையுது. கடுதாசி போட்டேன். மறுவாரமே ஏணி போட்டு ஏறி, என்னுதப் பாத்து அதைத் திருத்திட்டாங்க.”

“கடுதாசிக்குப் பதில் வந்துச்சாவே?” என்றார் தேவசகாயம். நாகர்கோவில்காரர். நாற்பது வருஷம் சூலூரில் இருந்தும் பேச்சு மாறவில்லை.

“வந்துது. அதுல இருந்த முத்திரையத்தான் நனைச்சு உரிச்சு, ரெக்கைக்கு அடியில டிகாலா ஒட்டிட்டேன்.”

யாரோ பின்னால் சிரித்தார்கள். நாச்சிமுத்து அந்தப் பக்கம் திரும்பாமலே தொடர்ந்தார்.

“அப்பறம் பெயின்ட்டு. பச்சையும் சாம்பலுமா ஒளிமறைவு நெறம். கடைசிக் கோட் அடிச்சுக் காயட்டும்னு வாசல்ல வெச்சுட்டு, டீ குடிச்சுட்டு வந்து பாத்தா விமானத்தைக் காணோம். வெச்ச எடத்துலயேதான் இருக்குது, கண்ணுக்குத் தெரியல. பதினோரு நாளு தேடினேன். பன்னெண்டாம் நாள் ஒரு காக்கா வந்து அந்தரத்துல உக்காந்துது பாருங்க, அப்பத்தான் புடிச்சேன்.”

“காக்கா ஓட்டிட்டுப் போயிருக்கும்” என்றார் தேவசகாயம்.

“அதுக்கு லைசென்சு இல்லீங்களே. ஓட்டறவன் உள்ள இருக்கறான். சாமை அரிசி அளவு மூஞ்சி. அவனுக்குப் புருவம் எழுதறதுக்குள்ள எனக்கு ஒரு மூக்குக்கண்ணாடி மாறிப்போச்சு. எழுதி முடிச்சு மறுநா காலைல லென்சு வெச்சுப் பாத்தா, பயலுக்குத் தாடி மொளைச்சிருக்குது.”

கோகிலவாணி சிரிக்கக் கூடாது என்று நோட்டைப் பார்த்துக்கொண்டார். அலமாரியில் நாச்சிமுத்துவின் இடம், இடது ஓரம், மூன்று வருஷமாகக் காலியாக இருந்தது. அந்த இடத்துக்குக் காத்திருப்பவர் இரண்டாவது வரிசையில், மடியில் மாடலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அன்னைல இருந்து தெனம் நாந்தான் சவரம் பண்ணிவுடறேன். அதுக்குன்னே காக்பிட் மூடிய ஒட்டாம, தெறந்து மூடற மாதிரி வெச்சிருக்கறேன். ஒரு நா மறந்துட்டேனுங்க. அன்னிக்கு அவன் என்னை நிமிந்தே பாக்கல.”

“சரி, டூட்டிக்கு எப்பப் போனான்?” என்றார் தேவசகாயம்.

“நேத்துக் காலைல. பொகைபோக்கியில கரி அப்படித் தத்ரூபமா அடிச்சிருந்தேன், இஞ்சின் தானே நெசம்னு நம்பிப் பத்திக்கிச்சு. ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் ஊத்தினேன். டைனிங் டேபிள்ல ஓடி, ஜன்னல் வழியா மேல போயிருச்சு. பத்து நிமிஷத்துல ரேடார்காரங்க போன் பண்றாங்க. ‘திரையில ஒரு கான்பெரா தெரியுது, ஆனா எழுவத்திரெண்டு மடங்கு தூரத்துல இருக்கற மாதிரி தெரியுது, உங்களுதா?’ன்னு. ‘ஆமாங்க, பக்கத்துலதான் இருக்குது, பாத்துப் போகச் சொல்லுங்க’ன்னேன். இப்ப இமயமலைப் பக்கம் ரோந்து சுத்தறான். லீவு கேட்டேன், குடுக்கல.”

கூடம் முழுக்கச் சிரித்து ஓய்ந்தது. காத்திருந்தவர் மடியிலிருந்த மாடலை மேசைமேல் எடுத்து வைத்தார். கோகிலவாணி பேனாவின் மூடியைக் கழற்றினார். பிறகு ஏதோ தோன்றி நிறுத்தினார்.

“அண்ணா, மூக்குக்குள்ள ஈயம் வெச்சீங்களா?”

அந்தக் கேள்வி அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. கான்பெரா மூக்கடிச் சக்கரத்தை ஊன்றி நிற்க வேண்டும், ஆனால் மாடலில் பின்பக்கம்தான் கனம். உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே மூக்குக்குள் ஈயக்குண்டு வைத்துவிட வேண்டும். மறந்து ஒட்டிவிட்டால் வால் தரையில் உட்காரும், மூக்கு கூரையைப் பார்க்கும். பெயின்டும் அடித்தபின் அதைத் திறக்க வழியில்லை. அந்தக் கூடத்தில் ஒரு முறையாவது அதை மறக்காதவர் கிடையாது.

நாச்சிமுத்து பீடத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“ரிவெட்டு எண்ணற மும்முரத்துல உட்டுட்டேன், அம்மிணி. மூணு வருஷம். அதைப் போயி எப்படி நாலு பேரு முன்னால உக்கார வெக்கறது?”

“விதியில ‘முடித்த மாடல்’னுதான் நான் எழுதியிருக்கேன். எப்படி நிக்கணும்னு எழுதலை. விழா பன்னெண்டு மணி வரைக்கும் இருக்கு. போய் எடுத்துட்டு வாங்க.”

மொபெட்டில் போய் இருபது நிமிஷத்தில் வந்தார். மேசைமேல் வைத்ததும் கான்பெரா வாலை ஊன்றி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். காத்திருந்தவர்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு தன் மாடலை எடுத்து மடியிலேயே வைத்துக்கொண்டார்.

தேவசகாயம் கடைசியாக வந்தார். “ஏன்வே, இமயமலையில இருக்குன்னீரு?”

“இப்பத்தான் எறங்குச்சு” என்றார் நாச்சிமுத்து. “சவரம் பண்ணாமப் போனவன். மூஞ்சியக் காட்ட வெக்கப்பட்டு மூக்கத் தூக்கிட்டான். வாலு தட்டிருச்சு.”

தேவசகாயம் சொன்னது இவ்வளவுதான். கேட்டதை அப்படியே எழுதிவிட மனம் வராமல், போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நானே கணபதிக்குப் போனேன். கோகிலவாணி மாடியைத் திறந்துவிட்டார். அலமாரியின் இடது ஓரத்தில் கான்பெரா வாலில்தான் நிற்கிறது. ரிவெட்டுகளை ஒரு இறக்கையில் மட்டும் எண்ண ஆரம்பித்து, அறுநூறில் விட்டுவிட்டேன். நாச்சிமுத்துவிடம் அலமாரிச் சாவி ஒன்று இருக்கிறதாம். தினமும் காலையில் வந்து, அதன் முன்னால் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போவாராம்.

“இன்னைக்கு வந்தாரா?” என்று கேட்டேன்.

“மகளைப் பார்க்கத் திருப்பூர் போயிருக்கார். ரெண்டு நாளாச்சு.”

லென்ஸ் கேட்டு வாங்கி, விமானியின் முகத்தைப் பார்த்தேன். புருவம் அழகாக இருந்தது. கன்னத்திலும் மோவாயிலும் இரண்டு நாள் தாடி.