ஆளில்லாத் தீவில் ஒரு பானை

“மூணு வருசமாச்சு சாமி. பயம் மட்டும் போகவே மாட்டேங்குது” என்றார் வைரவன்.

ஜவுளிக் கடையை மகனிடம் விட்டுவிட்டு அறுபது வயதில் சீடராக வந்தவர். கண்ணை மூடி உட்கார்ந்ததில் முட்டிவலி வந்ததுதான் மிச்சம்.

குருவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. முன்பு கடலில் மீன் பிடித்தவர். பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள் என வைரவன் முழுசாக நம்பியிருந்தார்.

“வள்ளத்துல ஏறுங்க அண்ணாச்சி” என்றார் குரு.

அன்றைக்கே காற்று மாறிப் பாய் கிழிந்தது. மூன்றாம் நாள், குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஒரு தீவில் ஒதுங்கினார்கள்.

தீவு என்று சொல்வதே அதிகம். நாலு எட்டு வைத்தால் மறுபக்கத்துக் கடல். மரமில்லை, மனிதரில்லை, ஒரு காக்காகூட இல்லை. இங்கே செத்தால் எடுத்துப் போட நாதியில்லை என்று நினைத்ததும் வைரவன் குருவை ஒட்டி நடக்க ஆரம்பித்தார்.

மணலில் கழுத்துவரை புதைத்த ஒரு பானை கிடைத்தது. உள்ளே நல்ல தண்ணீர். இப்படி ஒதுங்குகிறவர்களுக்காகக் கடலுக்குப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போவது வழக்கம்.

இருவரும் குடித்தார்கள். மீதியை வைரவன் ஒரு சொட்டு விடாமல் வள்ளத்தில் இருந்த காலிக் கேனில் நிரப்பிக்கொண்டார்.

பாயைத் தைத்து முடித்த குரு கேனை வாங்கினார். பானையில் திரும்ப ஊற்ற ஆரம்பித்தார்.

வைரவன் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்.

“என்ன சாமி செய்யறீங்க? கரைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கே!”

“ஆமா. பாதி நமக்கு. பாதி இங்க.”

“இங்க யாரு இருக்கா?”

“நேத்து நாமளும்தான் இங்க இல்ல.”

“பாதித் தண்ணியில செத்துருவோம் சாமி! இதை விட்டுட்டுப் போனவன் கரை சேந்தானா? அதைச் சொல்லுங்க!”

“தெரியாது.”

பிடித்திருந்த கை நடுங்கியது. தன் கைதான் நடுங்குகிறது என்று நினைத்து வைரவன் விட்டுவிட்டார். குருவின் கையில் நடுக்கம் நிற்கவில்லை. அவர் ஊற்றிய தண்ணீர் பானையின் விளிம்பில் பட்டு மணலில் தெறித்தது.

“சாமி… உங்களுக்குமா?”

“பின்னே?” என்றார் குரு. “நீங்களும் ஒரு கை பிடிங்க அண்ணாச்சி. தண்ணி சிந்துது.”